ஓலை வந்து சேர நாலேகால் வருஷம்

கே: ஜேம்ஸ் பாண்டை ராக்கெட்டில் ஏற்றிவிட்டால் விண்வெளி உளவுக்கதை ஆகிவிடாதா?

ப: 1979-லேயே ஏற்றிவிட்டார்கள். ‘மூன்ரேக்கர்’. வசூல் அமோகம். உளவுதான் பூமியிலேயே தங்கிவிட்டது.

கே: சரி, இந்த வகையில் உருப்படியாக ஒன்று சொல்லுங்களேன்.

ப: ‘ஆண்டோர்’. ‘ஸ்டார் வார்ஸ்’ குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் ஒளிவாளைத் தொடாத பிள்ளை. 2022-இல் பன்னிரண்டு, 2025-இல் பன்னிரண்டு எபிசோடுகள். உருவாக்கிய டோனி கில்ராய் ‘போர்ன்’ படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். அந்தக் கைப்பழக்கம் இதிலும் தெரிகிறது. லூதன் என்பவர் தலைநகரில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். விக், மோதிரங்கள் சகிதம் முன்கட்டில் பணக்கார வாடிக்கையாளர்களிடம் குழைவார், பின்கட்டில் வயர்லெஸ்.

எனக்குப் பிடித்தது செனட்டர் மோன் மோத்மாவின் கதை. ரகசியமாகப் புரட்சிக்குக் கொடுத்ததில் குடும்பக் கணக்கில் நாலு லட்சம் துண்டு விழுகிறது. தணிக்கைக்காரன் வந்து கேட்டால் தீர்ந்தது. ஒரு பெரும்புள்ளி உதவ வருகிறார். கட்டணமே வேண்டாமாம், அம்மாவின் பெண்ணைத் தன் பையனுக்கு அறிமுகப்படுத்தினால் போதுமாம்! பேரரசையே எதிர்த்து நிற்பவள் ஒரு சம்பந்தப் பேச்சில் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்க்கையில் வயிற்றைக் கலக்கியதே, எந்த லேசர் சண்டையிலும் அப்படிக் கலக்கியதில்லை.

கே: எதிரணியில் யாரும் புத்திசாலிகள் இல்லையா?

ப: இருக்கிறாள், டெட்ரா மீரோ. வெவ்வேறு இடங்களில் களவுபோகும் கருவிகளுக்குப் பின்னால் ஒரே கை இருப்பதைக் கண்டுபிடிப்பவள். ஆனால் கோப்பு இன்னொரு அதிகாரியின் பிரிவில் இருக்கிறது. அவன் கொடுக்க மாட்டான்; உன் வட்டாரம் இல்லை, தலையிடாதே என்கிறான். பேரரசு விழுந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கோப்புச் சண்டை என்பது என் கட்சி.

கே: நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் உளவுச் செய்தி எப்படிப் போகும்?

ப: இதை யோசிக்காத எழுத்தாளரின் புத்தகத்தை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 இன்னும் நம் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. அதன் சிக்னல் இங்கே வரவே கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கிறது. பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியில் ஒற்றன் இருந்தால், ‘நாளை படையெடுப்பு’ என்ற அவன் எச்சரிக்கை நமக்குக் கிடைக்க நாலேகால் வருஷம் ஆகும். அதற்குள் அந்த ஆட்சியே மாறியிருக்கலாம். அவனும் கட்சி மாறியிருக்கலாம்.

உர்சுலா லெ குவின் 1966-இல் ‘ஆன்சிபிள்’ என்றொரு கருவியைக் கற்பனை செய்தார்: எத்தனை ஒளியாண்டு தூரமானாலும் செய்தி கணத்தில் போய்ச் சேரும். பிற்பாடு பலரும் அதைக் கடன் வாங்கினார்கள். லெ குவினுக்கு அது பொருந்திற்று. உளவுக்கதைக்கு அது விஷம். மேலிடத்தைக் கேட்டுக் கேட்டு நடப்பவன் ஒற்றனில்லை, குமாஸ்தா. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் சாமர்த்தியசாலி. அவருடைய ‘வோர்கோசிகன்’ கதைகளில் செய்தியைப் புழுத்துளை வழியாகக் கப்பல்தான் சுமந்து போக வேண்டும். ஆகவே தூரத்து ஒற்றன் சொந்தப் புத்தியில்தான் பிழைக்கிறான், அல்லது சாகிறான்.

அவருடைய ‘மெமரி’ (1996) நாவலையும் தேடிப் படியுங்கள். உளவுத்துறைத் தலைவர் சைமன் இல்லியனின் மூளையில் எதையும் மறக்காத ஒரு சில்லு. அது கெட்டுப்போகிறது. என்றைக்கோ முடிந்துபோன வேலை, இன்றைய வேலைபோல அவர் கண்முன் எழுகிறது. அவசரமாக உத்தரவு போடுகிறார். எதிரே நிற்பவர்களுக்கோ ஒன்றும் புரியவில்லை. துப்பாக்கியே வேண்டாம், இந்தப் பயம் போதும்.

கே: நிஜமாகவே உளவு வேலை தெரிந்த யாராவது இந்தத் துறையில் எழுதியிருக்கிறார்களா?

ப: ‘கார்ட்வெய்னர் ஸ்மித்’. நிஜப் பெயர் பால் லைன்பார்கர். சன் யாட்-சென்னுக்கு ஞானப்பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் சீனாவில் அமெரிக்க ராணுவத்துக்காக உளவு வேலை பார்த்தவர். 1948-இல் உளவியல் போர் பற்றி அவர் எழுதியது பாடநூலாகவே ஆயிற்று. 1950-இல் வெளிவந்த விண்வெளிக் கதைக்குத்தான் மாற்றுப் பெயர். எதிராளியின் மனத்தைக் கலைப்பது எப்படி என்று பகிரங்கமாக எழுதியவர், கதை எழுத மட்டும் வேஷம் போட்டார்!

கே: ஒரே ஆள் ஒரு கிரகத்தையே கலங்கடிக்க முடியுமா?

ப: எரிக் ஃபிராங்க் ரஸ்ஸலின் ‘வாஸ்ப்’ (1957) நாயகன் மௌரி முகத்தில் ஊதாச் சாயம் பூசி, காதை ஒட்டவைத்து, கால் வளைத்து நடந்து எதிரி ஊரில் இறங்குகிறான். கையில் முதல் ஆயுதம் ஸ்டிக்கர்! இல்லாத ஒரு புரட்சிக் கட்சி இருப்பதாகச் சுவரெல்லாம் ஒட்டுகிறான். போலீஸ் அந்தக் கட்சியைத் தேடு தேடென்று தேடியே ஓய்ந்துபோகிறது.

கே: வள்ளுவரின் ‘ஒற்றாடல்’ விண்வெளிக்கும் செல்லுமா?

ப: தாராளமாக. ஒரு ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ‘ஆண்டோர்’ லூதன் செய்வது அதைத்தான். ஒருவன் பிடிபட்டால் அவன் கக்குவதற்கு அதிகம் இருக்காது.

கே: எந்த விண்வெளி ஒற்றனோடு டீ குடிக்க ஆசை?

ப: ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் காரக். தான் வெறும் தையல்காரன் என்பார். பழைய கதையைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார். சட்டை தைக்கத் தாராளமாகக் கொடுக்கலாம். உதவி மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேப்டன் சிஸ்கோ ஒருமுறை கேட்டார். பலன், சில கொலைகளும் ஒரு புதிய கூட்டணியும்.

கே: என் பையன் பெரியவனானதும் விண்வெளி ஒற்றனாகப் போகிறானாம். ஆவானா?

ப: உங்களிடமே சொல்லிவிட்டானா? தேற மாட்டான்.