காரணம் பிடிப்பவர்

டல்லாஸ் புறநகர்த் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் புத்தம்புதுக் கார் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, கராஜுக்குள் படகு ஒன்று நிழலில் சுகமாக வீற்றிருந்தால், அங்கே பாஸ் மீன் பிடிப்பவர் ஒருவர் குடியிருக்கிறார் என்று தயங்காமல் முடிவுகட்டலாம். படகுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு டஜன் தூண்டில் ராடுகள் தொங்கும். சுவரில் ஏரியின் ஆழம் காட்டும் வரைபடம். மூலையில் மீன் வைப்பதற்கென்றே வாங்கிய தனி ஃபிரீசர், அதற்குள் ஐஸ்கிரீம். மீன் ஏன் இல்லை என்று கேட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் இல்லாமல் அந்த வீட்டில் ஒன்றுமே கிடையாது.

வார நாட்களில் இவருக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் வேலை. அதாவது, பிறர் சொல்லும் காரணங்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். 'ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது' என்று யாராவது எழுதினால், அந்தத் தேதியின் வானிலை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு மடக்குவார். சனிக்கிழமை வந்துவிட்டால் அதே வானிலை அறிக்கை அவர் தரப்புச் சாட்சியாகிவிடும்.

அவர் தேடிப்போவது பெரியவாய்ப் பாஸ். பச்சை முதுகு, விலாவில் நெடுக ஒரு கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற வாய். ஓடித் துரத்தும் உழைப்பாளி அல்ல. முங்கிக் கிடக்கும் மரத்தூரின் நிழலில் நின்றுகொண்டு, எதிரே வருவது சின்ன மீனோ, தவளையோ, கால் தவறித் தண்ணீரில் விழுந்த எலியோ, லபக்கென்று வாயில் போட்டுக்கொள்ளும். கண்டதையும் தின்கிற இந்த ஜீவனைப் பிடிக்க ஒரு மண்புழு போதாதா என்று நீங்களும் நானும் கேட்போம். அப்படிக் கேட்பதால்தான் நம்மிடம் படகு இல்லை.

அவரிடம் இருப்பது மண்புழு அல்ல, பிளாஸ்டிக் புழு. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் தம் வீட்டுச் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சி வார்த்த சரக்கு இது. இன்று அதற்கு நிறங்கள் எத்தனை என்று அவருடைய பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். பச்சைப் பூசணி, தர்பூசணி விதை, பச்சைப் பூசணியில் சிவப்புப் பொட்டு, ஊதாவில் பச்சை மினுக்கு. தெளிந்த தண்ணீருக்கு இயற்கை நிறம், கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் என்று விஷயம் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் முழுக்கத் தெளியாமலும் முழுக்கக் கலங்காமலும் இருக்கிற தண்ணீருக்கு என்ன செய்வது? கடைக்காரர் பிழைப்பதே அந்தத் தண்ணீரில்தான்.

புழுவை முள்ளில் ஏற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். டெக்சாஸ் ரிக் என்பது அந்தக் கட்டுக்குப் பெயர். துப்பாக்கிக் குண்டு வடிவில் ஒரு சிறு ஈயத்தைத் தூண்டில் நரம்பில் கோப்பார். முள்ளைக் கட்டுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முள்ளின் முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் செலுத்தி, பக்கவாட்டில் வெளியே இழுத்து, முள்ளை அரைச் சுற்றுத் திருப்பி, புழுவின் உடம்பைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து, முனையை மறுபடி அதற்குள்ளேயே புதைப்பார். இவ்வளவு நேரமும் நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு நரம்பைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புழு நூல் பிடித்தாற்போல் நேராகத் தொங்க வேண்டும். கோணினால் தண்ணீருக்குள் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். முனை உள்ளே மறைந்திருப்பதால் களையிலும் கிளையிலும் மாட்டாது. மீன் கவ்வியதும் ராடை ஓங்கி இழுத்தால் முனை புழுவைத் துளைத்துக்கொண்டு மீனின் வாயில் ஏறும். நேர்த்தியான ஏற்பாடு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மீன் கவ்வ வேண்டும் என்பதைத் தவிர.

சனிக்கிழமை விடிவதற்குள் அவர் டல்லாஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஃபோர்க் ஏரிக்குப் போய்விடுவார். 1980இல் அணை கட்டித் தேக்கிய ஏரி, ஏறக்குறைய 27 ஆயிரம் ஏக்கர். மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுத் தண்ணீரை நிறுத்தியதால் செத்த மரங்கள் இன்றும் ஏரிக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. பாஸுக்கு அது அரண்மனை. வசந்தத்தில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது மீன்கள் ஆழமில்லாத கரையோரத்துக்கு முட்டையிட வரும். ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். கோடையில் மீன்கள் ஆழத்துக்கு இறங்கும். இலையுதிர் காலத்தில் சின்ன மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடைவாய்க்குள் நுழையும். எந்த மாதத்தில் மீன் எங்கே இருக்கும் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அங்கே போய்ப் பார்த்தால் இருக்காது என்பது வேறு விஷயம்.

நம் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அவர் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம்தான் ஒன்றரை மணி. மீதியெல்லாம் ராகுகாலம். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் மீன் கடிக்காது. காற்றே இல்லையென்றால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகி மீனுக்குப் படகு தெரிந்துவிடும். வாடைக்காற்று வந்து போன மறுநாள் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தால் காற்றழுத்தம் ஏறிவிட்டது. மீன் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காது. முந்தின இரவு பௌர்ணமி என்றால் ராத்திரியெல்லாம் தின்றுவிட்டுப் பகலில் ஏப்பம் விடுகிறது. போன வாரம் ஏரியில் போட்டி நடந்திருந்தால் மீன்கள் எல்லாம் உஷாராகிவிட்டன. இவற்றில் எதுவும் சுத்தப் பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. ஆனால் இதே பட்டியலை யாராவது இழப்பீட்டு மனுவோடு இணைத்து அனுப்பியிருந்தால், திங்கட்கிழமை காலையில் முதல் காரியமாக அதைத் தள்ளுபடி செய்திருப்பார்.

சில வருஷங்களுக்கு முன் இந்தக் காரணத் தொழிலுக்கே ஓர் ஆபத்து வந்தது. படகுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை அந்த நொடியே திரையில் காட்டும் சோனார் கருவி கடைக்கு வந்துவிட்டது. விலை சில ஆயிரம் டாலர். அதுவரை 'இங்கே மீனே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதை வாங்கி மாட்டினார். திரையில் மரம் தெரிந்தது. மரத்தடியில் மீன் தெரிந்தது. அவருடைய பச்சைப் பூசணிப் புழு இறங்குவது தெரிந்தது. மீன் மெல்ல நகர்ந்து வந்து, புழுவைப் பார்த்து, திரும்பித் தன் இடத்துக்கே போனதும் தெரிந்தது. முன்பெல்லாம் மீன் அவரை அலட்சியம் செய்தது அவருக்குத் தெரியாது. இப்போது காசு கொடுத்து நேரடி ஒளிபரப்பில் பார்க்கிறார். ஆனால் அசரவில்லை. இரண்டே வாரத்தில் புதுக் காரணம் தயார்: சோனாரின் ஓசை மீனுக்குக் கேட்கிறதாம்.

பிடித்துவிட்டால்தான் கதை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அவர் குடியிருப்பில் ஒரு குட்டை இருக்கிறது. மாலையில் அங்கே ராடோடு நிற்பார். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருந்த மதுரைக்காரப் பெரியவர் ஒருவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், நடைபோகிற வழியில் அவரிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்.

"மீன் ஏதாவது கிடைச்சுதா சார்?"

"ஒன்னு கிடைச்சுது சார். ரெண்டு பவுண்டு இருக்கும்."

"எங்கே, காணோமே?"

"விட்டுட்டேன்."

"நழுவிடுச்சாக்கும்."

"இல்ல சார், நானேதான் தண்ணியில விட்டேன்."

"ஏன், சாப்பிட நல்லா இருக்காதோ?"

"நல்லாத்தான் இருக்கும்னு சொல்றாங்க."

"அப்போ எதுக்குப் பிடிச்சீங்க?"

இதற்கு ஒரு வரியில் பதில் இல்லாததால் அரை மணி நேரம் பதில் சொன்னார். அலபாமாவில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்த ரே ஸ்காட் 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் போட்டி நடத்தியது, மறு வருஷம் பாஸ் சங்கம் தொடங்கியது, 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடச் சொன்னது எல்லாம் வந்தது. ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் வந்தது. அதே ஏரியில் 1986இல் பிடிபட்ட 17.67 பவுண்டு மீனுக்கு எதெல் என்று பெயர் வைத்து, மிசூரி மாநிலத்துக் கடை ஒன்றின் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, 1994இல் அது செத்தபோது அஞ்சலிக் கூட்டம் நடத்தியது வரை வந்துவிட்டார். பெரியவர் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "பாவம், ஒன்னுமே கிடைக்கல போலிருக்கு. கௌரவமா விட்டுட்டேங்கறான்."

இதுதான் அவருடைய நிரந்தரச் சங்கடம். மீனை விட்டுவிடுவதால் கையில் சாட்சி கிடையாது. ஆகவே புகைப்படம். கையை முழங்கை மடங்காமல் கேமராவை நோக்கி நீட்டினால் இரண்டு பவுண்டு மீன் நாலு பவுண்டாகும். பின்னணியில் மரமோ கரையோ தெரிந்தால் இடத்தை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதைக் கத்தரித்துவிடுவார். அது குளியல் தொட்டியில் எடுத்த படமாகவும் இருக்கலாம். இன்னொரு சாட்சி கட்டைவிரல். பாஸின் பற்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினால் தோல் உரசிச் சிராய்ந்து போகும். அப்படி ஒரு சிராய்ப்பு அமைந்துவிட்டால், திங்கட்கிழமை ஆபீசில் அவர் காபிக் கோப்பையைப் பிடிக்கிற விதமே வேறு.

அவர் அதிகம் பேச விரும்பாத சரித்திரம் ஒன்று உண்டு. உலகத்தின் மிகப் பெரிய பாஸ், 22 பவுண்டு 4 அவுன்ஸ், 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது. பிடித்தவர் ஜார்ஜ் பெரி, இருபது வயது ஏழை விவசாயி. மழை பெய்து உழவு ஓட்ட முடியாததால் நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செயற்கை இரை. மீனை எடை போட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைவிட ஓர் அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவான கூடுதல் எடையில் ஒன்றைப் பிடித்தார். சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டும் சமம் என்று அறிவித்தார்கள், அதுவும் அவரைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்துப் பார்த்த பிறகு. டெக்சாஸின் சாதனை மீன் ஃபோர்க் ஏரியிலேயே 1992 ஜனவரியில் வந்தது, 18.18 பவுண்டு. முப்பது வருஷம் தாண்டியும் அதை மிஞ்ச ஆளில்லை. பிடித்தவர் பாரி செயின்ட் கிளேர். அன்றைக்கு அவர் பாஸ் பிடிக்கவே போகவில்லை. க்ராப்பி என்கிற சின்ன மீனுக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இதைப் பற்றி நம்மவரிடம் கேட்டால், "அன்னிக்குக் காற்றழுத்தம் என்னன்னு பார்க்கணும்" என்பார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அவருக்கும் வந்தது. வீசும்போது சுருளைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய ரீல் அது. விரல் ஒரு நொடி அசந்தால், புழு வேகம் குறைந்த பிறகும் சுருள் வேகம் குறையாமல் சுற்றி, நரம்பு உள்ளேயே பொங்கி வழிந்துவிடும். பொங்கி வழிந்தது. புழு எங்கேயோ மரத்தடியில் விழுந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நரம்பு தானாக நகர்ந்தது. கையால் இழுத்துத்தான் மீனைப் படகில் சேர்த்தார். எட்டு பவுண்டு. அன்று கிழக்குக் காற்று, நீல வானம், முந்தின இரவு பௌர்ணமி.

வீடு வந்து சேருகிற வரை அவர் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கொள்கை பிறந்துவிட்டது: வாடைக்காற்றுக்குப் பிறகு சோம்பிக் கிடக்கிற மீனுக்குப் புழு அசையவே கூடாது, பத்து நிமிஷம் அடியில் அப்படியே கிடக்க வேண்டும். அசையாமல் போட்டுவைக்கிற இந்த உத்தி ஏற்கெனவே இருப்பதுதான், தாம் அதை மேம்படுத்தியிருப்பதாக மனைவியிடம் விளக்கினார். அடுத்த சனிக்கிழமை அதே மரம், அதே புழு, அதே பத்து நிமிஷம். ஒன்றும் அசையவில்லை. பொழுது சாய்ந்து படகைக் கராஜில் ஏற்றும்போது, என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள்.

"போன வாரம் சிக்கல் தானா விழுந்துச்சு. இன்னிக்கு நானே வேணும்னு போட்டேன். மீனுக்குத் தெரிஞ்சுபோச்சு."