பட்டவராயன் செருப்பு

என் மாமியாரை நான் இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறேன். ஒரு தடவை மறுநிமிடமே மாட்டிக்கொண்டேன். இன்னொன்றில் மாட்டவே இல்லை என்று ரொம்ப வருஷம் பெருமையாக இருந்தேன்.

மணிமுத்தாறு அணை கட்டி முடிந்த 1958-இல் அத்தைக்குக் கல்யாணம். மாமனார் பொதுப்பணித் துறையில் லஸ்கர். மதகு திறப்பது, மூடுவது, ராத்திரி மழை பிடித்தால் டார்ச்சோடு கரைக்கு ஓடுவது. அதனால் அந்த வீட்டில் நாள்காட்டி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. மூத்த மைத்துனர் பிறந்தது ‘நூறு அடி நின்னப்ப.’ என் மனைவி பிறந்தது ‘அணை வெறும் சேறா கெடந்தப்ப.’ லஸ்கர் சம்பளத்துக்கு மேல் ஐந்து பிள்ளைகளுக்கு வேண்டியதை, கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளம் இட்டுக் கொடுத்து அத்தை சம்பாதித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதும் வலது உள்ளங்கை மடியில் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். உளுந்து மாவு இல்லாத உருட்டல். எண்பது வயதிலும் அது நிற்கவில்லை.

கண் மங்கிய பிறகு, பேப்பரில் வரும் நீர்மட்டத்தைத் தினம் போனில் படித்துச் சொல்வது சென்னை மருமகனான என் வேலை ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வையை விட்டு வெளியே வராமலே, “நூத்தி இருபது அடி அத்தை” என்று அடித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு நிதானமாக, “மாப்ள, நம்ம அணை மொத்தமே நூத்திப் பதினெட்டுதான. ஊரு இருக்கா என்னன்னு வாசல்ல போயி பாத்துட்டு வாறேன், வையிங்க” என்றார்.

வரி மாறிப் பாபநாசம் அணையைப் படித்துவிட்டேன் என்று சமாளித்தேன். அதற்கு 143 அடி, தாங்கும்.

இனி பெரியது.

அத்தைக்குக் கோயில் என்றால் காரையாறு சொரிமுத்து அய்யனார்தான். ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பே அண்டா குண்டாவோடு காட்டுக்குள் போய், ஆற்றங்கரையில் ஓலைக் குடில் போட்டுத் தங்கிவிட வேண்டும். புலிகள் காப்பகக் கட்டுப்பாடுகள் இவ்வளவு இறுகாத காலம் அது. சாமியிடம் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. “போயி இருந்துட்டு வரணும், அம்புட்டுதான்” என்பார், ஏதோ அண்ணன் வீட்டுக்குப் போவதுபோல. அமாவாசையன்று ராஜ உடையில் வந்து உட்காரும் சிங்கம்பட்டி ஜமீன்தாரும் அவருக்கு அப்படித்தான், உறவுக்காரர் மாதிரி. 2020 மே மாதம் அந்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி இறந்த செய்தி வந்தபோது ஒரு வேளை சாப்பிடவில்லை.

அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை. பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. தோல் வேலை செய்யும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட ஆசைப்பட்டான். மாமனார் போட்ட நிபந்தனைப்படி குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, தோல் பதம் பண்ணிச் செருப்புத் தைத்துக் கொண்டுபோய் வைத்தான். பின்னால் மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். வில்லுப்பாட்டில் கேட்ட கதையை அத்தை சொல்லும்போது, “அவரும் மருமவன்தான்” என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவார். நான் அப்போது குடிலுக்குக் கம்பு ஊன்றத் தெரியாமல் ஊன்றிச் சாய்த்திருப்பேன்.

1996. காணிக்கைக்கென்று அம்பாசமுத்திரத்தில் சொல்லித் தைத்த தோல் செருப்பு, மஞ்சள் துணியில் சுற்றிக் குடில் மூலையில் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு அவசரம். என் செருப்பைக் காணோம். வெளியே அட்டை, முள், கும்மிருட்டு. பட்டணத்துக் கால். மஞ்சள் துணியை அவிழ்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. போன வேலை முடிந்து, வழி தவறி, ஆற்றங்கரைச் சகதியில் அரை மணி நேரம் சுற்றி வந்து, இலையால் துடைத்து, பழையபடி சுற்றி வைத்துப் படுத்துவிட்டேன். துடைத்த லட்சணம் விடிந்ததும் தெரிந்தது.

சாத்தின செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டவராயன் ராத்திரியில் காட்டைச் சுற்றுவார், அடி தேய்ந்திருக்கும் என்பது அங்கே நம்பிக்கை. காலையில் அத்தை துணியைப் பிரித்து, சந்நிதியில் வைத்து நிமிர்வதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கூவிவிட்டாள்: “ஏ தாயி, இங்க பாருங்க, சாத்தும் முன்னயே போட்டு நடந்துட்டாரு! அடி பூரா ஆத்துச் சேறு!”

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அந்தச் சேற்றைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். நான் எங்கெல்லாம் மிதித்தேன் என்று எனக்குத் தெரியும். வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. அத்தை செருப்பைப் புரட்டிப் பார்த்தார், என் கால் பக்கம் பார்த்தார், “ஆமா, நல்லா நடந்திருக்காரு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து காணிக்கைச் செருப்பைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தார். பக்தி முற்றிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. குடிலில் என் பாய்க்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் ஒரு டார்ச் லைட்டும் அப்போதிருந்துதான் இருக்க ஆரம்பித்தன. மருமகனுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

2022-இல் அத்தை போய்ச் சேர்ந்தார். எண்பத்தொரு வயது. மறுவருஷம் ஆடிக்கு நாங்களே செருப்பு வாங்கப் போனோம். தைப்பவருக்கும் வயதாகிவிட்டது; என் மனைவியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“பட்டவராயனுக்குத்தான? ஒம்பதாம் நம்பர் போட்டுரலாமா? மொதல்லல்லாம் அம்மா அளவு எதுவும் சொல்லாது. பொறவு ஒரு வருசம் வந்து, ‘இனிமே ஒம்பதுதான், எனக்குத் தெரியும்’னு சொல்லிட்டுப் போச்சு.”

என் மனைவி கடை வாசலில் நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.