படித்த நூல்களின் பட்டியலை நீட்டிக் கருத்துக் கேட்டல்: திருச்சி – ஸ்ரீரங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தாம் படித்த நூல்களை வரிசையாக எழுதி, அந்தத் தாளைப் பிறரிடம் நீட்டி, "எப்படியிருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்கோ" என்று கேட்கும் வழக்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் பரவலாக உண்டு. பாலம் தாண்டினால் உறையூரிலும் தில்லைநகரிலும் இதே வழக்கம்தான். அங்கே 'சொல்லுங்க' என்பார்கள். உத்தர வீதித் திண்ணை, அம்மா மண்டபத்துப் படித்துறை, ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் பின்சீட்டு ஆகியவை இவ்வாய்வுக்குக் களங்களாயின.

மளிகைச் சிட்டை இந்த ஆய்வில் சேராது. அதற்கு யாரும் கருத்துக் கேட்பதில்லை, கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

கருதுகோள் இது: பட்டியலை நீட்டுபவர் கேட்பது கருத்தை அன்று, கையெழுத்தை.

2. முன்னோடிச் சான்று

இந்தக் கருதுகோளுக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. தாயார் சந்நிதிக்கு எதிரே நிற்கும் மண்டபத்தில்தான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அதற்கு முன்பே, தில்லை மூவாயிரவரின் சம்மதம் வாங்கி வா, அங்கே போ, இங்கே போ என்று அவரை ஊர் ஊராக அலையவிட்டதாகக் கதைகள் சொல்கின்றன. இன்று பென்ஷன் ஆபீசில் நடப்பது அன்று இலக்கியத்தில் நடந்திருக்கிறது. எல்லாம் முடித்து வந்து அரங்கேற்றினால், வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலம் இதில் எப்படி வரலாம் என்று சபையில் தடை கிளம்பியது. அப்போது அருகிலிருந்த மேட்டழகிய சிங்கர் கர்ஜித்துத் தலையசைத்தாராம். அத்துடன் விவாதம் முடிந்தது.

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்று. மனிதர்களிடம் கருத்துக் கேட்டவருக்குத் தடையே கிடைத்தது. ஒப்புதல் வந்தது நரசிம்மரிடமிருந்து.

3. பட்டியலின் உறுப்பிலக்கணம்

இவ்வட்டாரப் பட்டியலுக்குத் தலை, இடை, கடை என மூன்று உறுப்புகள்.

தலை, 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக நிற்கும் நாவல். பாகத்துக்கு ஓர் எண் கொடுத்து, ஒரே நாவலால் பட்டியலை ஐந்து வரிக்கு நீட்டுவோரும் உண்டு. கல்கி திருச்சி நேஷனல் பள்ளியில் படித்தவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921இல் அந்தப் படிப்பை விட்டவர். எனவே தலையிடத்தை யாரும் ஆட்சேபிப்பதில்லை.

இடை, சுஜாதா. சித்திரை வீதியில் குடியிருந்துகொண்டு 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இல்லாத பட்டியலை வெளியே எடுக்க முடியாது. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் அவர் எழுதிவந்த பத்தியே ஒரு தலைமுறைக்குப் பட்டியலாக இருந்தது. அவர் சொன்னதால் தேடிப் படித்தவர்கள், தாங்களே கண்டுபிடித்ததாக இன்று எழுதுகிறார்கள்.

கடை, வெளிநாட்டு நூல். பெரும்பாலும் டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய 'போரும் வாழ்வும்'. பட்டியலின் எடையைக் கூட்டுவது இதன் வேலை. ஆய்வுக்கு வந்த ஒரு பிரதியில், எழுபதாம் பக்கத்தை ஒட்டி, மை மங்கிய பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. அதுவரை தாள்களின் ஓரம் விரல் பட்டுப் பழுத்திருந்தது. அதற்கப்பால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. நெப்போலியன் மாஸ்கோவுக்குப் போய்த் திரும்பியது இந்த வாசகருக்கு இன்னும் தெரியாது.

4. கருத்துகளின் வகைப்பாடு

பிறர் கருத்தை ஒரு நூலாசிரியன் எதிர்கொள்ளும் விதங்களைப் பவணந்தியார் நன்னூலில் எழுவகை மதம் என்று பிரித்துவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த பகுப்பு, ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளுக்கு இன்றும் அச்சாகப் பொருந்துகிறது.

முதலாவது, உடன்படல். "பேஷ், நல்ல லிஸ்ட்." தாளை மடிக்க ஆகும் நேரம்கூட அதைப் படிக்க ஆவதில்லை.

இரண்டாவது, மறுத்தல். "இதெல்லாம் ஒரு எழுத்தா ஓய்?" காரணம் கேட்டால் அதே வாக்கியம் இன்னும் கொஞ்சம் உரக்க வரும்.

மூன்றாவது, ஒப்புக்கொண்டு பிறகு களைதல். "ஜானகிராமனைப் போட்டிருக்கேள், சந்தோஷம். ஆனா 'மோகமுள்'ளோட நிறுத்தினவா 'அம்மா வந்தா'ளைப் படிச்சதில்லைன்னு அர்த்தம்."

நான்காவது, தன் கருத்தை நாட்டி நிறுவுதல். கேட்டவரின் தாளைத் தொடையடியில் வைத்துக்கொண்டு, தம் சட்டைப்பையிலிருந்து தம் பட்டியலை எடுத்தல். ஏழனுள் இதுவே பெருவழக்கு. தொடையடித் தாள் சில சமயம் திரும்பி வருவதே இல்லை.

ஐந்தாவது, இருவர் முரண்பட ஒருபக்கம் துணிதல். அசோகமித்திரனா லா.ச.ரா.வா என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்க, சுண்டல் வாங்க வந்த மூன்றாமவர், "ரயிலேறினா அந்தாண்ட லால்குடி. லால்குடிக்காரரை விட்டுட்டு ஒரு பட்டியலா?" என்று தீர்ப்புச் சொல்லிப் போவார். இலக்கியத் தீர்ப்புக்கு இங்கே நிலவியலும் சாட்சி.

ஆறாவது, பிறர் நூலில் குற்றம் காட்டல். ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவரிடம் பட்டியல் போனது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, 'மோகமுல்' என்றிருந்ததைத் திருத்தி, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டு, அடியில் கோடிழுத்து, இருபத்தைந்துக்குப் பதினான்கு என்று மதிப்பெண்ணும் இட்டுக் கொடுத்தார். நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏழாவது, எதிலும் படாமல் தன் மதமே கொள்ளல். பட்டியலை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அதிருக்கட்டும், வெள்ளைக் கோபுரத்துக்கிட்ட மனை என்ன விலை போறது?"

5. விவாதம்

இந்த ஏழிலும் பட்டியல் போட்டவருக்குப் புதிதாக ஒரு நூல் கிடைத்ததா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. நான்காவதில் கிடைத்திருக்கலாம், ஆனால் எதிர்ப்பட்டியலை அவர் காதில் வாங்குவதில்லை. 'படித்திருக்கிறீர்களா?' என்று நூலுக்கே தலைப்பு வைத்தார் க.நா.சு. அவர் போட்ட பட்டியல்களில் யார் இருந்தார், யார் இல்லை என்று ஊரே சண்டை பிடித்தது. சண்டை போட்டவர்கள் பெயர்களை எண்ணினார்கள். நூல்களைத் தேடிப் போனவர்கள் குறைவு.

தேடிப் போனவர் என்றால் நாதமுனிகளைச் சொல்ல வேண்டும். யாரோ பாடக் கேட்ட பத்துப் பாசுரங்களின் முடிவில், இவை ஆயிரத்துள் பத்து என்றிருப்பதைக் கவனித்தார். பத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகாமல், மீதி எங்கே என்று கேட்டுக் குருகூர் வரை போனார். ஆயிரம் தேடியவர் நாலாயிரத்தோடு திரும்பினார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று நாள்வாரியாகப் பிரித்து ஸ்ரீரங்கத்தில் அந்த நாலாயிரமும் இன்றும் சேவிக்கப்படுகிறது.

இன்னொன்று அண்மைக் காலத்தது. திருச்சியை அடுத்த அதவத்தூரில் 1815இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழ் ஆசிரியரான 1880ஆம் ஆண்டு, அக்டோபர் 21ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று இருபத்தைந்து வயது இளைஞர் அடுக்கினார். குருவின் பெயரையும் சொன்னார். எந்தச் சபையிலும் எடுபடும் பெயர். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற தோரணையில், பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்டார்.

மேற்கண்ட ஏழு மதங்களில் எதிலும் இது அடங்கவில்லை. பட்டியலில் இருந்தவற்றை அவர் புகழவுமில்லை, குற்றம் சொல்லவுமில்லை. இல்லாத ஒன்றைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. கையெழுத்துக் கேட்டு நீட்டிய பட்டியலில் கையெழுத்துக் கிடைக்காமல் போனதால் தமிழுக்கு விளைந்த லாபம் இது.

6. பரிந்துரைகள்

அ. பட்டியல் நீட்டுவோர் காபிக்கு முன் நீட்டுதல் கூடாது. காபிக்கு முன் வருபவை எல்லாம் இரண்டாம் மதம்.

ஆ. பாதியில் நின்ற நூல்களுக்கு, எந்தப் பக்கத்தில் நின்றது என்பதையும் குறிக்கலாம். கேட்பவர் இன்னும் முன்னாலேயே நின்றவராக இருப்பார்; சிநேகம் வளரும்.

இ. தாளின் இரு பிரதிகள் அவசியம். நான்காம் மதத்தாரின் தொடையடிக்கு ஒன்று போய்விடும்.

ஈ. கடைசி எண்ணை எழுதி, எதிரே இடம் காலியாக விடவும். எவரேனும் அதில் ஒரு நூலை எழுதித் தந்தால், அப்போதே அவரிடம் இரவலும் கேட்டுவிடவும். முதலியாரின் மரபில் வந்தவர் உள்ளே போய்ப் புத்தகத்தோடு வருவார். மற்றவர்கள், அது யாரிடமோ இரவல் போயிருப்பதாகச் சொல்வார்கள்.