ஒரு பிள்ளைக்கு ஒரே நோய்

அடுத்த கூட்டத்தொடரில் ஒரு மசோதா கொண்டுவந்துவிடலாம். பைசா செலவில்லாதது, எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டும். முதல் பிரிவு: 18 வயது நிரம்பாத எவருக்கும் ஒரு நேரத்தில் ஒரு நோய்க்கு மேல் வருதல் கூடாது. இரண்டாம் பிரிவு: வருகிற அந்த ஒன்றும், மனநல டாக்டர் அந்தப் பக்கம் வருகிற கிழமையாகப் பார்த்து வர வேண்டும். மூன்றாம் பிரிவு: கூட வரும் தாய்க்கு அன்றைக்குக் கூலி வேலை இருக்கக் கூடாது. அரசிதழில் வெளியான மறுநாளே வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் நாம் முன்னோடி மாநிலம். இப்போதைக்கு இந்த விஷயத்தில் ஒத்துழைக்க மறுப்பவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

ஒத்துழைக்காத ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். ராமநாதபுரம் மாவட்டம், கடலாடிப் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வயதுப் பெண். கற்பனைதான் என்றாலும் அவளுடைய ஓ.பி. சீட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரி வராண்டாவிலும் யாரோ ஓர் அம்மாவின் மஞ்சள் பையில் அவை மடித்து இருக்கும். ஏழு வயதிலிருந்து வலிப்பு. படிப்பு ஏறவில்லை; எழுத்துக் கூட்டத் தெரியாமலே எட்டாம் வகுப்புவரை ஏறிவிட்டாள். பெரியவளான பிறகு தூக்கம் போயிற்று. யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறாள். கையைக் கீறிக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. அப்பா குடிப்பார். இத்தனையும் ஒரே உடம்பில், ஒரே வீட்டில். எவ்வளவு பொறுப்பில்லாத பிள்ளை, பாருங்கள்.

வலிப்புக்கு நரம்பு டாக்டர். அவர் கையிலிருக்கும் கீறல்களைப் பார்த்துவிட்டு, “இதை மனநலத்துல காட்டும்மா” என்கிறார். மனநலம் இன்றைக்கு இல்லை, வேறு கிழமை. அந்தக் கிழமையில் போனால், “ஐ.க்யூ. பார்த்துட்டு வாங்க.” ஐ.க்யூ. பார்க்கிறவர் இன்னொரு நாள். பார்த்துச் சீட்டோடு வந்தால், “இது மாற்றுத்திறனாளிகள் ஆபீஸ், இங்க இல்லை.” அங்கே போனால், “சர்ட்டிபிகேட் தருவோம், வைத்தியம் ஆஸ்பத்திரியிலதான்.” பள்ளிக்கூடத்தில் கேட்டால் வட்டார வள மையம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார். தொகுப்பூதியத்தில், பல பள்ளிக்கூடங்களைத் தலையில் கட்டிக்கொண்டு. அப்பாவின் குடிக்கும் அடிக்கும் குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு. நாலு துறை, நாலு மேசை, நாலு பதிவேடு. எல்லோரும் பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் சரியான இடத்துக்கு அனுப்பியும் வைத்துவிட்டார்கள்.

இது ஏதோ கீழ்நிலை ஊழியரின் அலட்சியம் என்று நினைத்தால் அவர்களுக்கு அநியாயம் செய்கிறோம். சட்டமே பிள்ளையை இரண்டாக வகுந்துதான் வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கு விளக்கம் சொல்கிற இடத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு இதில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளையை மனநோயாளி என்று முத்திரை குத்திப் பூட்டி வைத்த காலம் ஒன்று உண்டு. அது முடியட்டும் என்றுதான் பிரித்தார்கள். அந்தப் பாதிக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல், 40 விழுக்காடு இருந்தால் சலுகைக்குத் தகுதி. அதில் மனநோயும் உண்டு, அறிவுசார் குறைபாடும் உண்டு, ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருப்பதும் உண்டு. வலிப்புக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. பட்டியல் போட்டவர்களுக்குப் பிள்ளைகள் இப்படிச் சேர்த்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சி. காகிதத்துக்குத் தெரிந்தது வராண்டாவுக்குத் தெரியவில்லை.

பல குறைபாடுகள் ஒன்றாக உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில். குறை சொல்ல முடியாத இடம். ராத்திரி பூரா பஸ்ஸில் உட்கார்ந்து, வழியில் பிள்ளைக்கு வலிப்பு வராமல் இருந்தால், காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், கண்ணில் நீர் வரும். குழந்தைகளுக்கான மனநலச் சேவை அரசின் கடமை. நோயாளி நெடுந்தூரம் அலையக் கூடாது. வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும். குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு எந்த மனநல மையத்திலும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், செலவை அரசே ஏற்கும். ஆமாம், அரசே. தனியார் கிளினிக்குக்குக் கட்டிய பணத்தின் ரசீதை மாவட்ட ஆட்சியரகத்தில் எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதை மட்டும் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாராவது துணிந்து நீட்டிப் பார்க்கட்டும். “இப்படி ஒரு சட்டம் இருக்கா?” என்று கேட்பவர் மனுக் கொடுத்தவராக இருக்க மாட்டார்.

மனநல டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். மூன்று பேர் வேண்டும். இது என் வசவு இல்லை, ஒன்றிய அரசின் 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆக, நமக்கு முழு டாக்டர்கூட ஒதுக்கப்படவில்லை, முக்கால் டாக்டர்தான். அவர் எதிரில் காலையிலிருந்து வரிசை. இரண்டு நிமிஷத்தில் மாத்திரை எழுதலாம். பதினைந்து வயதுப் பெண் வாயைத் திறக்க இரண்டு நிமிஷம் போதுமா? கோவில் பூசாரி அவளை உட்கார வைத்துப் பெயர் கேட்கிறார், ஊர் கேட்கிறார், யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கிறார். அரைமணி நேரம் கேட்கிறார். வேப்பிலையால் நோய் போகாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்த அரைமணி நேரத்துக்குப் பதில் என்ன தருகிறோம் என்று சொல்லிவிட்டு முழங்கலாம்.

போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளில் தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. இரவும் பகலும், இலவசம், தமிழிலேயே பேசலாம். பேசத் தெரிந்தவர்களுக்கும், தனக்கென்று போன் உள்ளவர்களுக்கும் நல்ல காரியம். எண்ணைக் குறித்து வையுங்கள். இவள் வீட்டில் போன் அப்பாவின் சட்டைப் பையில். அம்மா எப்படியோ எடுத்துப் பேசினாலும், எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நேரில் காட்டச் சொல்வார். எங்கே? மாவட்ட மனநலத் திட்ட மையத்தில். அதாவது மஞ்சள் பை புறப்பட்ட அதே வராண்டாவில்.

வளரிளம் பருவத்தினருக்கென்று தேசியத் திட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. 10 முதல் 19 வயதுவரை. ஆறு நோக்கங்களில் மனநலமும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் அது எப்படி வந்து இறங்குகிறது? வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள். வயிற்றிலிருக்கும் புழுவுக்கு இந்தத் தேசம் தேதி குறித்து நாடு முழுக்க ஆள் திரட்டுகிறது. அதே பிள்ளையின் தலைக்குள் கேட்கிற குரலுக்கு அக்டோபர் 10-இல் பேரணி. பதாகை பிடித்து வெயிலில் நடப்பதும் பிள்ளைகள்தான்.

நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. ஆய்வு ஆண்டு 2015–16. அதில் எண்ணப்பட்ட பிள்ளைகள் இன்று வாக்காளர்கள்.

இதற்கிடையில் மனநலத் துறையில் உண்மையான முன்னேற்றம் கண்டது மின்விசிறிதான். 2023 ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டாவில், பயிற்சி மைய மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, விடுதி மின்விசிறிகளுக்கு ஸ்பிரிங் மாட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. 2025 ஜூலை 25 அன்று, நீட் தேர்வுக்குப் படித்த 17 வயதுப் பெண் விசாகப்பட்டினத்தில் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும். விடுதிகளில் பாதுகாப்பான மின்விசிறி வேண்டும். சாவதற்கான வழியை அடைத்தால் உயிர் தப்பும் என்பது ஆய்வில் தேறிய உண்மை. அதைக் கேலி செய்யமாட்டேன். கேட்பது வேறு: இரண்டில் எது முதலில் நிறைவேறும்? ஆலோசகருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். மின்விசிறிக்கு டெண்டர் விடலாம். 2022-இல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று எண்ணிச் சொன்னது சுகாதாரத் துறை அல்ல, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நம் கடலாடிப் பெண் அந்தக் கணக்கிலும் வரமாட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டவள் மாணவி அல்லவே.

அரசாங்கத்துக்கு அவள் வீடு தெரியாது என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. அவளுடைய பாட்டிக்கு பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. அதே ஊர்ப் பெண்ணொருத்தி தோளில் பையோடு வந்து, பாட்டியின் கையைப் பிடித்து அளந்து, தாளில் குறித்துக்கொண்டு போகிறாள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய திட்டம்; கிண்டல் இல்லை. வீடு தேடி வைத்தியம் நடக்காத காரியம் என்று இனி எந்த அதிகாரியும் சொல்லிவிட முடியாதபடி செய்துவிட்டது. உள்ளே பாயில் சுருண்டு கிடக்கும் பேத்திக்கும் அந்தப் பைக்கும் நடுவே இருக்கும் தூரம் பத்தடி. பேத்தியைப் பார்ப்பது பையோடு வருகிறவளின் வேலையில் எழுதப்படவில்லை. எழுதச் சொல்லுங்கள். பயிற்சி கொடுங்கள், கூடுதல் சம்பளம் கொடுங்கள், அவளுக்குப் பின்னால் ஓர் உளவியலாளரை, நாலு மேசைக்கும் ஏறி இறங்க அதிகாரமுள்ள ஒரே ஓர் ஆளை நிறுத்துங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஸ்பிரிங்கும் வேண்டாம்.

அதுவரை அவளுக்குப் பக்கத்தில் இருப்பது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். காப்பகங்களை மூடினோம். பிறகு சட்டத்தில் சங்கிலியைத் தடை செய்தோம். சரியான தடை. களையெடுக்கப் போகிற தாய் இப்போது சங்கிலி போடுவதில்லை. கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள்.

கடைசியில் ஊர் ஒரு வைத்தியம் சொல்லும். “ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிரும்.” வலிப்பு, படிப்பு, தூக்கம், கீறல், குரல், அப்பாவின் குடி, அத்தனைக்கும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே பந்தலில் தீர்வு. அரசு இத்தனை வருடமாக அறிக்கைகளில் எழுதி வருகிற ‘ஒருங்கிணைந்த சேவை’ இதுதான் போல.

பந்தல் போட்டதும் யாராவது 1098-க்குச் சொல்வார்கள். அன்றைக்கு ஜீப் வரும். சமூக நலத் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காவல் துறை, கிராம நிர்வாக அலுவலர், எல்லோரும் ஒரே நேரத்தில், அவளுக்காகவே, அவள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். கல்யாணத்தை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். சிறுமிக்கும் பெற்றோருக்கும் கவுன்சலிங் வழங்கப்பட்டது என்று எழுதி, பதினெட்டு முடியும்வரை திருமணம் செய்யமாட்டோம் என்று அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். பதினெட்டு முடிந்த மறுநாள் அதே மாப்பிள்ளை வீட்டார் வரலாம், சட்டத்தில் தடையில்லை. அன்றைக்கு அவள் குழந்தையும் இல்லை என்பதால், குழந்தைகள் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, கோப்பை முடித்துவிடலாம்.