வேட்டு வை மருமகனே!

மருமகனே, மாமனார் வீட்டுத் திண்ணையிலயே உரக்கடை வைக்கப் போறியாமே! ரொம்ப சந்தோசம். கெமிஸ்ட்ரி படிச்ச ஆளு, உனக்குப் போயி நான் யோசனை சொல்லலாமா? ஆனாலும் சொல்லுதேன்.

அமோனியம் சல்பேட் மூட்டையைச் சுண்ணாம்பு மூட்டை மேலயே அடுக்கிரு. மழைக்கு ரெண்டும் சேர்ந்து நனைஞ்சா மூக்கைத் துளைக்கிற நெடி ஒண்ணு கிளம்பும். அதுதான் சம்சாரி காசு குடுக்கிற தழைச்சத்து. சாக்குல 21 சதம்னு அச்சடிச்சிருப்பான், அது கூரை வழியா போயிரும். சாக்குல அச்சு அழியாது, உனக்கென்ன?

அந்த நெடியடிக்கிற அமோனியா வாயு இருக்கே, அதுவும் உன்னைய மாதிரி வீட்டோட மாப்பிள்ளைதான். போன வீட்டுக் குணம் ஒட்டிக்கிடும். கந்தக அமிலத்து வீட்டுக்குப் போனா சல்பேட், பரம சாது. இந்த சல்பேட்டைக் கோக் அடுப்பு வாயுவுல இருந்தும் எடுக்கலாம். நைலானுக்குச் சரக்கு செய்யுற ஆலையில வேண்டாம்னாலும் வந்து குவியும். ஹைட்ரோகுளோரிக் வீட்டுக்குப் போனா நவச்சாரம். ஈயம் பூசுறவர் காய்ச்சின பித்தளைச் சட்டியில ஒரு துளி தூவினதும் குப்புன்னு வெள்ளைப் புகை வரும், களிம்பு கழண்டு ஈயம் ஒட்டும். நைட்ரிக் வீட்டுக்குப் போனா நைட்ரேட், அவர்தான் பாறை பிளக்கிறவர்.

உரம் கட்டி தட்டிப் போச்சுன்னா கட்டையால தட்டிக்கிட்டு இருக்காதே. வேட்டு வை. ஜெர்மனியில ஓப்பாவுங்கிற ஊர்ல பெரிய பெரிய விஞ்ஞானிகளை வச்சிருந்த கம்பெனி அதைத்தான் செஞ்சுது. சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம், 4,500 டன், கிட்டங்கியில பாறையா இறுகிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான தடவை வேட்டு வச்சு உதிர்த்தாச்சு, ஒண்ணும் ஆகலை. கூட சல்பேட் இருக்கே, அது நைட்ரேட்டை அடக்கி வச்சிரும்னு நம்பிக்கை. 1921 செப்டம்பர் 21 காலையில வச்சதுல 500 பேருக்கு மேல போயிட்டாங்க. 300 கிலோமீட்டர் தள்ளி மியூனிக்ல சத்தம் கேட்டிருக்கு. இத்தனைக்கும் குவியல்ல பத்துல ஒரு பங்குதான் வெடிச்சுதாம்.

அப்புறம், குவாரிக்காரன் எவனாவது, "ஒரு ராத்திரிக்கு இருக்கட்டும் அண்ணாச்சி"ன்னு நைட்ரேட் மூட்டையை இறக்கினா கேள்வி கேக்காதே. 2012-ல விதி போட்டு அதுக்கு லைசென்ஸ் வேணும்னுட்டான் சர்க்கார். அதெல்லாம் பார்த்தா யாவாரம் நடக்குமா? சென்னை மணலிப் பக்கம், பிடிச்சு வச்ச சுமார் 700 டன் வருசக்கணக்கா கண்டெய்னர்ல சும்மாத்தானே கிடந்துச்சு! 2020-ல பெய்ரூட் துறைமுகத்துல 2,750 டன் வெடிச்சதும்தான் அத்தனை பேருக்கும் ஞாபகம் வந்து, அவசர அவசரமா ஐதராபாத்துக்கு அனுப்பினாங்க.

கடை திறப்பு என்னைக்குன்னு மட்டும் சொல்லிரு. முந்தின நாளே உன் அத்தையைக் கூட்டிக்கிட்டு நான் கழுகுமலைக்குக் கிளம்பணும்.