கேள்வி-பதில்: பெண் மேஸ்திரி

நான் பார்த்த மேஸ்திரி எல்லாம் ஆண்கள்தான். பெண் மேஸ்திரி உண்டா? (வாசகர், ராயகிரி)

பெயரிலேயே உண்டு. பெரின் மிஸ்திரி! பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1936-லேயே கட்டடக்கலைப் பட்டயம் வாங்கிவிட்டார். இந்தியாவில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

பெண் பிளான் போட்டால் அடுப்படி மட்டும் பெரிதாக இருக்குமோ? (வாசகர், சிவகிரி)

இலங்கையின் கண்டியைப் பாருங்கள். மின்னெட் டி சில்வா கட்டிய கருணாரத்ன வீடு மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காமல், சரிவோடு மேல்தளம் கீழ்த்தளமாக இறங்குகிறது. கதவுப் பலகையில் உள்ளூர்த் தும்பறைப் பாய் நெசவு, சுவரில் ஜார்ஜ் கீற்றின் ஓவியம். ஊர் நெசவாளிக்கும் அந்த வீட்டில் வேலை இருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்ணும் இவரே.

பரதம் ஆடிய பெண்ணுக்குக் கட்டடம் வருமா? (வாசகி, தென்காசி)

ஷீலா ஸ்ரீபிரகாஷுக்கு வந்ததே! 1979-ல் சென்னையில் சொந்த நிறுவனமே தொடங்கினார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் சித்தாளாகவே நின்றுவிடுகிறார்களே? (வாசகி, ராயகிரி)

கரண்டியை யாராவது கையில் கொடுத்தார்களா? கலவையின் பதம் சித்தாளுக்குத் தெரியும். சட்டியைத் தூக்கும்போதே தண்ணீர் கூடிவிட்டதைச் சொல்லிவிடுவார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பெண் கொத்தனார் குழுக்கள் முழு வீட்டையே கட்டி முடித்திருக்கின்றன.