ஆறு மணி நேரக் கெடு: செர்ட்-இன் சமூகத்துக்கு ஒரு பட்டறைக்காரனின் விண்ணப்பம்

புதுடில்லியில், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் 2004ஆம் ஆண்டு முதல் தேசத்தின் கணினிகளுக்குக் காவல் இருந்துவரும் செர்ட்-இன் ஸ்தாபனத்தின் மேன்மை தங்கிய அதிகாரிகள் சமூகத்துக்கு, கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்து ஜீவனம் நடத்தும் லேத் பட்டறைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

கணினியில் களவோ கலகமோ நேர்ந்ததாகக் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதி தாங்கள் பிறப்பித்த உத்தரவையும், சிறுதொழில் செய்வோர்பால் இரக்கம் கொண்டு எங்கள் வரையில் அதன் அமலை அவ்வாண்டு செப்டம்பர் 25 வரை தள்ளிவைத்த தங்கள் தயாளத்தையும், நான் அறிந்துகொண்டது அந்தத் தேதியெல்லாம் கழிந்து நெடுநாளைக்குப் பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் அமர்ந்திருந்த என் ஆடிட்டர் ரசத்துக்கும் மோருக்கும் இடையில் பிரஸ்தாபித்தபோதுதான். தவறினால் ஓராண்டு வரை சிறைவாசமும் உண்டு என்று அவர் சேர்த்துச் சொன்னதில், பாயசம் எனக்கு இறங்கவில்லை.

ஏனெனில், தங்கள் ஆறு மணி நேரம் எனக்கு ஏற்கெனவே ஒரு முறை வந்து போயிருந்தது. ஆடிப்பெருக்குக்குப் பவானி போய்விட்டுத் திரும்பிய மறுநாள் காலை, எங்கள் கணக்குப் பார்க்கும் அம்மிணி, "ஏனுங், பைல் ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குதுங்க" என்றாள். மின்சாரக் கோளாறு என்று நான் அபிப்பிராயப்பட்டேன், அணைத்துப் போட்டோம், அதில் ஒரு மணி நேரம் போயிற்று. கணினி பார்க்கும் பையன் வேறொரு பட்டறையில் இருந்தபடியால் அவனுக்காகக் காத்திருந்தது மூன்று மணி நேரம். வந்தவன் திரையில் தெரிந்த ஆங்கிலத்தை வாசித்து, இது பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் திருட்டு என்று சொல்லி, "ஃபார்மட் அடிச்சரலாமுங்க" என்று ஒரே வாக்கியத்தில் சிகிச்சையை நிர்ணயித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தடயங்கள் அனைத்தையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டான். ஐந்து ஆண்டுக் கணக்குகளும் அதோடு போயின. திருடன் எனக்கு 72 மணி நேரம் அவகாசம் கொடுத்திருந்தான் என்பதையும், அரசாங்கம் கொடுப்பதைவிட அது பன்னிரண்டு மடங்கு அதிகம் என்பதையும், எவரையும் குறை சொல்லும் நோக்கமின்றி இங்கே பதிவு செய்கிறேன்.

உத்தரவில் மின்னஞ்சல், தொலைபேசி ஆகியவற்றோடு பேக்ஸ் மூலமாகவும் தெரிவிக்கலாம் என்று கண்டு மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் பேக்ஸ் இயந்திரத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே உக்கடத்துப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டோம்.

கணினிக் கடிகாரங்களை அரசின் நேரத்தோடு இசைவித்து, நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் பத்திரப்படுத்தவேண்டும் என்னும் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பட்டறைச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும்; ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்று என் தகப்பனார் செய்த ஏற்பாடு அது. கணினியோ, உள்ளேயிருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துபோனதால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் 2009 ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிவிடுகிறது. ஐம்பது ரூபாய்ப் பேட்டரியை மாற்றலாகாதா என்று தாங்கள் கேட்பது நியாயம். மாற்றினால், சில நாள் இலவசமாகப் பார்த்துக்கொள் என்று வந்த ஆண்டி வைரஸ் தன் கெடு முடிந்ததைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில் மட்டும் அம்மிணி நிகழ்காலத்துக்கு வந்துவிட்டு, மாலையில் 2009க்குப் போய்விடுகிறாள்.

எங்களைக் கஞ்சர்கள் என்று தாங்கள் நினைக்கக்கூடும்; கொங்கு நாட்டாரைப் பற்றி அப்படி ஓர் அபவாதம் உண்டு. ஆனால் பித்தளை புஷ்கள் இருக்கும் அறைக்கு இரண்டு பூட்டுகளும், இரவுக் காவலுக்கு ஒரு பெரியவரும், அவருக்குத் துணையாக ஒரு நாயும் வைத்திருப்பவர்கள் நாங்கள். கடவுச்சொல் மட்டும் என் மூத்த மகளின் பெயரும் 123உம். திரைக்குக் கீழே ஒட்டியிருப்பதால் லோடு ஏற்ற வரும் டிரைவர் வரை அறிந்த ரகசியம் அது. அம்மிணி லீவு போட்டால் பில் போடுவது யார்? மேலும், கூடப் பழகும் மனிதனிடம் கடவுச்சொல்லை மறைப்பது அவனைத் திருடன் என்பதற்குச் சமானம் என்று கருதும் ஊரில், தங்கள் சுற்றறிக்கை ஒரு சுபாவத்தோடு அல்லவா மோதுகிறது!

1930களில் பைக்காராவின் மின்சாரம் மலையிலிருந்து இறங்கி இந்த ஊருக்கு வந்தபோது, அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை எந்த உத்தரவும் இல்லாமலே எங்கள் பாட்டன்மார் கற்றுக்கொண்டார்கள், ஏனெனில் அது உதறிற்று. கணினிக் களவு உதறுவதில்லை, பொறியும் பறப்பதில்லை. ஏற்றுமதி செய்யும் என் சம்பந்தி ஒருவருக்கு வரவேண்டிய தொகை, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டவனின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரிந்தது, சரக்கு வாங்கியவர் "பணம்தான் எப்போதோ அனுப்பிவிட்டோமே" என்று வருத்தத்தோடு எழுதியபோதுதான். அவர் போலீசுக்குப் போகவில்லை. போனால் மற்ற வாடிக்கையாளர்களும் அறிந்துவிடுவார்களாம்.

பணத்தின் கதையும் இதில் அடங்கியிருக்கிறது. எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று தகவல் பாதுகாப்பு பற்றி வருஷந்தோறும் பல பக்கக் கேள்விப் படிவம் அனுப்பும். தீச்சுவர் உண்டா, பேக்கப் உண்டா, பயிற்சி உண்டா என்ற எல்லாவற்றுக்கும் நாங்கள் "ஆம்" என்று குறியிட்டு அனுப்ப, அவர்களும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிறுதொழிலுக்குப் பாக்கியை 45 நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும், அதே கம்பெனியிலிருந்து 120 நாளாகியும் காசோலை வரவில்லை. அந்தக் காசோலையில்தான் என் ஆண்டி வைரஸின் சந்தாவும் இருக்கிறது.

சிறியவன் கெட்டால் அவனோடு போயிற்று என்றும் இருந்துவிட முடியாது. 2018இல் கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கியின் வெளிநாட்டுப் பணப்பரிமாற்ற வழியிலேயே களவாணிகள் புகுந்தார்கள். 2024 ஜூலையில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை தரும் சி-எட்ஜ் என்னும் ஒரே நிறுவனம் தாக்கப்பட்டதில், சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப்பட்டுவாடா ஒரே நாளில் நின்றது. எங்கள் வீதியில் பாதிப் பட்டறைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தப் பையன், வீட்டிலிருந்தே எல்லாக் கணினிகளையும் திறப்பதற்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லும் ஒன்றேதான்.

ஆகையால் சமூகம் தயவு செய்து, பட்டறைக்காரன் வாசிக்கக்கூடிய தமிழில், ஒரே பக்கத்தில் ஒரு படிவத்தையும், அழைத்தால் அதிகாரத் தோரணையின்றி "என்ன ஆச்சுங்க?" என்று கேட்கும் ஒரு மனிதரையும் இந்த ஜில்லாவில் ஏற்படுத்தித் தரவேண்டுகிறேன், சிறைவாசத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். வைத்தியப் பையனுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தினால், பந்தல், டீ செலவு என்னுடையது.

இந்த விண்ணப்பத்தை அடித்த கணினியில் இன்று 2009 ஜனவரி 1 என்று இருப்பதால், தேதியைக் கீழே பேனாவால் எழுதியிருக்கிறேன்.